நிழலும் ஒரு கூலிதான்

சித்திரை மாதம் பிறந்து இருபது நாள் ஆயிற்றோ இல்லையோ, நம் வீடுகளில் ஒரு சம்பாஷணை தவறாமல் ஆரம்பமாகிவிடும். "இந்த வருஷம் வெயில் ரொம்ப அதிகம்" என்று ஒருவர் சொல்லுவார். "போன வருஷம் இப்படி இல்லவே இல்லை" என்று மற்றொருவர் ஆமோதிப்பார். போன வருஷமும் இவர்கள் இதையேதான் சொன்னார்கள் என்பது இருவருக்கும் ஞாபகம் இராது. மே மாதம் 4-ந் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி 28-ந் தேதி வாக்கில் முடிகிற வரையில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் மோர் டம்ளருடன் நாம் நடத்துகிற இந்தச் சம்பாஷணைக்கு ஓய்வு என்பதே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெயிலைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் வெயிலில் இருப்பதில்லை. வெயிலில் இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாரத்தின் மேல் நின்று சுவர் பூசுகிற கொத்தனார், சும்மாட்டின் மேல் செங்கல் அடுக்கிக்கொண்டு படியேறும் சித்தாள், சாலையில் தார் போடுகிறவர்கள், தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தின் வெள்ளை வெளேரென்ற ஒளியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உப்பு வாருகிறவர்கள், நாம் பசியாறுவதற்காக உணவுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிற பையன்கள் - இவர்கள் யாரும் "இந்த வருஷம் வெயில் அதிகம்" என்று சொல்லி நாம் கேட்டதில்லை.

கேட்டால் நமக்குள் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: "அவர்களுக்கு வெயில் பழக்கம்." நம் மனச்சாட்சிக்கு விசிறி வீசுவதில் இதற்கு நிகரான வாக்கியம் வேறு இல்லை. ஆகையால் இதைக் கொஞ்சம் பரிசீலித்துப் பார்ப்பது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த வாக்கியம் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மனித தேகத்துக்கு உஷ்ணத்தைப் பழகிக்கொள்ளும் சக்தி உண்டு. தினந்தோறும் வெயிலில் உழைக்கிறவனுக்குச் சீக்கிரமாகவே வியர்க்கத் தொடங்கும். வியர்வை அதிகமாகப் பெருகும். அதில் உப்பு குறைவாக வெளியேறும். இருதயம் அவ்வளவு படபடக்காது. இந்தப் பழக்கம் உண்டாவதற்கு 7 முதல் 14 நாள் வரையில் ஆகும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் வந்த பழக்கம் நிலையாக இருப்பதில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாலும், திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தாலும், அதில் ஒரு பங்கு கரைந்துபோகும். ஒரு மாதம் நிழலில் இருந்தவன் மறுபடியும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆகவே, வேலைக்குப் புதிதாக வருகிறவனே பெரிய ஆபத்தில் இருக்கிறான். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு இலாகா இது சம்பந்தமாக ஒரு கணக்குச் சொல்லுகிறது. வேலையின்போது வெப்பத்தால் நேருகிற மரணங்களில் ஏறக்குறைய பாதி, அந்தத் தொழிலாளி வேலைக்கு வந்த முதல் நாளிலேயே சம்பவிக்கிறதாம். 100-க்கு 70-க்கு மேல் முதல் வாரத்துக்குள் சம்பவிக்கிறதாம். புதியவனை முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயிலில் நிறுத்தக் கூடாது, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காக உயர்த்திக்கொண்டு போகலாம் என்று அங்கே விதி வகுத்திருப்பது இதனால்தான். நம் ஊரிலோ, புதிதாக வந்தவன் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டிய நாள் முதல் நாள்தான். அன்றைக்குத்தான் அவன் தண்ணீர் குடிக்கக்கூட இறங்காமல் உழைப்பான்.

இன்னொரு விஷயமும் உண்டு. வெயில் பழகியவனுக்கு வியர்வை அதிகம் என்று சொன்னோம் அல்லவா? அப்படியானால் அவனுக்குத் தண்ணீரும் அதிகமாக வேண்டும். "பழக்கப்பட்டவன், தாகம் தாங்குவான்" என்று எண்ணுவது விஷயத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

வியர்வையின் மகிமையை நாம் சரியாக உணர்வதில்லை. தேகத்தின் இயற்கையான உஷ்ணம் சுமார் 37 டிகிரி சென்டிகிரேட். கையும் காலும் வேலை செய்யும்போது, சாப்பிட்ட உணவிலிருந்து கிடைக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வேலையாக மாறுகிறது, பாக்கியெல்லாம் உஷ்ணமாகிறது. அதாவது, பாரம் சுமக்கிறவனுக்கு மேலே ஒரு சூரியன் என்றால் உள்ளே ஓர் அடுப்பு. இந்த இரண்டையும் சமாளிக்க அவனிடம் இருக்கும் ஆயுதம் வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகிப் போகும்போது, சாதாரணத் தண்ணீர் 8 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணத்தைத் தேகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது.

ஆவியாகிப் போனால்தான் இந்தப் பலன் என்பதைக் கவனிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் பிரயோஜனமில்லை. கடற்கரைப் பட்டணங்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலருவதே இல்லை. வேலூரில் அடிக்கிற வறண்ட வெயிலைவிடச் சென்னையின் புழுக்கம், டிகிரி குறைவாயிருந்தாலும், சில நாட்களில் அதிகத் துன்பம் தருவது இதனால்தான். பத்திரிகையில் போடுகிற டிகிரி, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்து அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2003-ம் வருஷம் மே 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி என்று பதிவாயிற்றே, அதுவும் நிழலின் கணக்குதான். அன்றைக்கு மொட்டை மாடியில் தளம் போட்டுக்கொண்டிருந்தவனுடைய கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இவையெல்லாம் புத்தகத்தில் உள்ள விஷயங்கள். புத்தகத்துக்கு வெளியே நாம் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மே மாதத்தில், நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அன்று கூரைக்குக் காங்கிரீட் போடும் நாள். வீடு கட்டினவர்களுக்குத் தெரியும், காங்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்துகிற பேச்சே கிடையாது. நிறுத்தினால் அந்த இடத்தில் தளம் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். ஆகையால் காலை எட்டு மணி முதல் கலவை இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் ஏணிப் படிகளில் வரிசையாக நின்று கலவைச் சட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஒரு பையன். இருபது வயதுக்கு மேல் இராது. முதல் நாள் மாலைதான் ஊரிலிருந்து வந்தவன்.

பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு அவன் வரிசையை விட்டு விலகி, கலவைச் சட்டியுடன் தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்தான். மேஸ்திரி அதட்டினார். பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிறகு மரியாதையில்லாத ஒரு வார்த்தையும் சொன்னான். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா? போ, வெளியே போ!" என்று இரைந்தார். வரிசையில் நின்ற வயதான சித்தாள் ஒருத்தி, "அவன் குடிக்கிற பிள்ளை இல்லை மேஸ்திரி, மூஞ்சியைப் பாருங்க!" என்று கத்தினாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பையன் மணல் குவியலின் மேல் சாய்ந்துவிட்டான்.

நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். கை கால் உதறுவதைக் கண்ட மற்றொருவர் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார். எதிர்வீட்டில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் இருக்கிறார். கூச்சலைக் கேட்டு வந்தவர், பையனைத் தொட்டுப் பார்த்தார். உதறல் நின்று அவன் கண் திறந்தபோது, "தம்பி, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். "அம்மா தேடுவாங்க" என்று அவன் பதில் சொன்னான். அவ்வளவுதான், அந்த அம்மாளின் குரல் மாறிவிட்டது. "இது மயக்கமில்லை. வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள். சட்டையைக் கழற்றுங்கள். ஒருவர் 108-க்குப் பேசுங்கள். மற்ற எல்லோரும் தண்ணீர் கொண்டுவாருங்கள்!" என்றார்.

தரைக்கு அடியில் இருந்த தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. தலை முதல் கால் வரையில் ஊற்றினார்கள். வீடுகளிலிருந்து வந்த ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக் கழுத்திலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் வைத்தார்கள். இரண்டு பேர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வருகிற வரையில் யாரும் கையை நிறுத்தவில்லை. பையன் பிழைத்தான். அன்றைக்குக் குளிர்வித்துக்கொண்டே இருந்ததுதான் அவனைக் காப்பாற்றியது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

நாலைந்து நாள் கழித்து அந்த மேஸ்திரியை டீக்கடையில் பார்த்தோம். மனிதர் நல்லவர், முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். "ஒரு ஆள் தப்பாப் பேசினா நமக்குக் கோபம் வருதுங்க. சந்தேகம் வரமாட்டேங்குதே?" என்று வருத்தத்துடன் சொன்னார். இந்த வியாதியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

ஏனெனில், வெப்பத்தால் வருகிற துன்பங்களில் லேசானது எது, உயிரைக் குடிப்பது எது என்று பிரித்துக் காட்டுகிற அடையாளம் புத்தித் தடுமாற்றமே. நேயர்கள் இதை நன்றாக மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

கெண்டைக்காலிலோ, வயிற்றிலோ, கையிலோ சதை பிடித்து இழுப்பது ஒரு வகை. வியர்வையோடு உப்பும் போய்விட்டதன் அறிகுறி அது. இங்கிலாந்தில் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இப்படிச் சதை பிடித்துக்கொள்வதை 1923-ம் வருஷத்தில் மாஸ் என்பவர் ஆராய்ந்தார். அவர்கள் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து, போன உப்பை ஈடு செய்யாததே காரணம் என்று அவர் கண்டார். நம் கிழவிகள் நீராகாரத்திலும் மோரிலும் உப்புக் கல்லைப் போட்டுக் கொடுத்தது வீண் சம்பிரதாயமல்ல என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, வெப்பச் சோர்வு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, மிகுந்த வியர்வை, தள்ளாமை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதன் குறிகள். சிறுநீர் குறைந்து, அடர்ந்த மஞ்சளாகப் போகும். ஆனால் புத்தி தெளிவாயிருக்கும். இப்படிப்பட்டவரை நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. அரை மணி நேரத்தில் தெளியாவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கு மறுபடியும் அவரை வெயிலுக்கு அனுப்பக் கூடாது.

மூன்றாவதுதான் வெப்பத் தாக்கு; டாக்டர்கள் 'ஹீட் ஸ்ட்ரோக்' என்பது இதையே. தேகத்தின் உள் உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடை, அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியோ தாண்டியோ போய்விடும்; மூளை தடுமாறும். உளறல், சம்பந்தமில்லாத சிரிப்பு, முரட்டுத்தனம், நடை தள்ளாடுதல், வலிப்பு, நினைவிழத்தல் எல்லாம் வரலாம். இதில் தோல் வறண்டு போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் முதியவர்களுக்கு அப்படி ஆவது உண்டு. ஆனால் உழைத்துக்கொண்டிருக்கும்போது தாக்குண்டவனுக்கு வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகையால் வியர்வையைப் பார்த்து ஏமாறக் கூடாது. படிப்படியாகத்தான் வரும் என்றும் எண்ணக் கூடாது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேரே மூன்றாவது நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நேரத்தைப் போக்குவதிலும் அர்த்தமில்லை; உள்ளே கொதிக்கிற உஷ்ணத்தை அது குறைத்தே காட்டும். வெயிலில் உழைத்தவன் புத்தி தடுமாறினால், அது வெப்பத் தாக்கு என்று வைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட வேண்டும்.

காரியம் என்னவென்பதை அந்த நர்ஸ் அம்மாள் காட்டிவிட்டார். முதலில் குளிர்விப்பது, பிறகே வண்டியில் ஏற்றுவது. அரை மணி நேரத்துக்குள் உஷ்ணம் இறங்கினால் உயிரும் மூளையும் தப்புவதற்கு வழி உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மூளையையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் வதைக்கிறது. கட்டட வேலை நடக்குமிடத்தில் செங்கல் நனைக்கும் தொட்டி இருந்தால், அதில் நல்ல குளிர்ந்த தண்ணீரை விட்டுக் கழுத்தளவு அமர்த்தலாம். ஒருவர் தலையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லாவிட்டால் ஊற்றுவதும் விசிறுவதுமே போதும். நினைவு தடுமாறினவன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். சாவிக் கொத்தால் வலிப்பு நிற்பதில்லை; கையில்தான் காயம் உண்டாகும். காய்ச்சல் மாத்திரையும் இதற்குப் பயன்படாது. இது காய்ச்சல் அல்ல, வெளியேற வழியில்லாமல் அடைபட்ட உஷ்ணம். மாத்திரையால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்குகூட நேரலாம்.

இவ்வளவும் வந்த பின் செய்ய வேண்டியவை. வராமல் தடுப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தண்ணீர், நிழல், ஓய்வு என்ற மூன்று சொற்களில் அது அடங்கிவிடுகிறது.

வெயிலில் உழைப்பவர் 15 அல்லது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாகம் எப்போதும் பின்தங்கியே வந்து சேருகிறது. இதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் கெடுதல். மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 பேருக்கு 7 மணி நேரத்துக்கு 50 லிட்டருக்கு மேல் ஆகிறது. கடையில் வாங்குகிற 20 லிட்டர் கேன்கள் மூன்று வேண்டும். நம்மில் அநேகர் ஒரு குடத்தை வைத்துவிட்டுப் புண்ணியம் சம்பாதித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். குடம் இருந்தால் மட்டும் போதாது. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நிழலில் இருக்க வேண்டும். மாடியில் வேலை செய்கிறவன் கீழே வாசலில் இருக்கும் தண்ணீருக்காக நாலு தடவை இறங்கி ஏற மாட்டான்.

பல மணி நேரம் வியர்த்துக் கொட்டினவர்களுக்கு உப்புப் போட்ட மோர், கஞ்சி, நீராகாரம், எலுமிச்சம்பழ ரசம் எல்லாம் நல்லவை. இவை கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். நீரிழிவு, ரத்த அழுத்தம் முதலியவை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில மாத்திரைகள் உஷ்ணத்தைத் தாங்கும் சக்தியைக் குறைப்பதால், தினம் மருந்து சாப்பிடுகிறவர்கள் வெயில் வேலையைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது. மது அருந்தினால் ஆபத்து பன்மடங்காகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். சித்தாள் வேலைக்கு வருகிற ஸ்திரீகளில் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் இல்லாததால் அல்ல. குடித்தால் ஒதுங்குவதற்கு இடமில்லாததால். கட்டடம் கட்டுகிறவர்களும், பக்கத்து வீட்டுக்காரர்களும் அவர்களுக்குக் குளியலறைக் கதவைத் திறந்துவிட மனம் கொண்டால், அது மூன்று கேன் தண்ணீரைவிடப் பெரிய உபகாரமாயிருக்கும்.

பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை நேயர்கள் பார்த்திருக்கலாம். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லை வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவி இல்லாமல் பாரத்தை இறக்கி வைத்து, பக்கத்து மரத்தடியில் இளைப்பாறிவிட்டு, மறுபடியும் தானே ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பவதியாயிருந்து வயிற்றுச் சுமை இறங்காமலே மாண்டுபோன பெண்களின் நினைவாக இந்தக் கற்களை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். தமிழ்நாட்டில் வேலைக்குப் போகிற 800 கர்ப்பிணிப் பெண்களைக் குறித்துச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கண்ட முடிவு 2024-ம் வருஷத்தில் வெளியாயிற்று. மிகுந்த வெப்பத்தில் உழைக்கும் கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது நமக்கு அந்தக் கற்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. சுமைதாங்கியும், சாலை மரமும், தண்ணீர்ப் பந்தலும் வைத்த நம் முன்னோர்களுக்கு வியர்வைக் கணக்குத் தெரியாது. ஆனால் உழைக்கிறவனுக்கு இளைப்பாற ஓர் இடம் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. விடியுமுன் ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் மாட்டை அவிழ்த்துவிட்ட குடியானவனுக்கும் அது தெரிந்திருந்தது. கடிகாரம் வந்த பிறகு, ஒன்பது மணிக்கு முன் வேலை ஆரம்பிப்பதில்லை என்று நாம் கற்றுக்கொண்டோம்!

சர்க்கார்களும் இப்போது விழித்துக்கொண்டு வருகின்றன. 2010-ம் வருஷம் மே மாதத்தில் ஆமதாபாத்தில் 46.8 டிகிரி வெயில் அடித்து ஏராளமானோர் மாண்டார்கள். அதன் பிறகு அந்நகரத்தார் 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். இந்தியாவில் அதுவே முதலாவது. கேரளத்தில் கோடைக் காலத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரையில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று உத்தரவு போடுவது வழக்கம். நம்மவர்கள் கடல் கடந்து போய் உழைக்கிற ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரையில் பகல் பன்னிரண்டரை மணி முதல் 3 மணி வரையில் வெளி வேலைக்குத் தடை உண்டு. தமிழ்நாட்டில் 2024-ம் வருஷம் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று பிரகடனம் செய்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஏற்பாடு செய்தார்கள். சென்னை மாநகராட்சியார் 2025-ல், உணவு கொண்டு செல்லும் தொழிலாளர் முதலியோருக்குக் குளிர்ந்த ஓய்வறைகளைத் திறந்தார்கள். எல்லாம் வரவேற்கத்தக்கவையே.

ஆயினும், நாலு ஆட்களை வைத்து மதில் கட்டுகிற வீட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வந்து கடிகாரம் பார்க்கப் போகிறார்? அங்கே சட்டம், சர்க்கார் எல்லாம் நாமேதான். தினக் கூலிக்காரன் தானாக ஓய்வு கேட்க மாட்டான். கேட்டால் நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு உண்டு. கொத்துக்காரனும் ஒத்துக்கொண்ட தொகைக்குள் வேலையை முடிக்கப் பார்ப்பான். ஆகையால் "காலை ஆறு மணிக்கு வாருங்கள், பதினொன்றரைக்கு நிறுத்துங்கள், மூன்றரைக்குமேல் மறுபடி ஆரம்பியுங்கள், கூலியில் ஒரு பைசா குறையாது" என்று முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரரே. கூரைக் காங்கிரீட் போல நிறுத்த முடியாத வேலையாயிருந்தால், இரண்டு ஆள் அதிகமாக வைத்து மாற்றி மாற்றி இளைப்பாறச் செய்யலாம், விடியற்காலத்திலேயே தொடங்கிவிடலாம். புதிதாக வந்தவர் யார் என்று கேட்டு, அவரை முதல் வாரம் நிழல் வேலையில் வைக்கும்படி சொல்லலாம். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். தன் புத்தி தடுமாறுவது தனக்கே தெரியாது அல்லவா?

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார்கள். சிமெண்டு இவ்வளவு, கம்பி இவ்வளவு, மணல் இவ்வளவு என்று அதில் எழுதுகிறார்கள். பூமி பூஜைக்கும், நிலை வைக்கும் நாளில் மஞ்சள் குங்குமத்துக்கும்கூட அதில் தனி வரி உண்டு. அந்த நோட்டில் கூலிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி எழுத இடமிருக்கிறது: தார்ப்பாய் ஒன்று, கயிறு, மூங்கில் நாலு, தண்ணீர் கேன் தினம் மூன்று, மோர். மொத்தச் செலவில் அது வாசற்கதவுக்குப் போடும் பூட்டின் விலைக்கு மேல் போகாது. இந்த வருஷம் வெயில் அதிகமா இல்லையா என்ற சம்பாஷணையை அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடத்தலாம். நமக்கு ஆட்சேபம் இல்லை.